கூட்டமில்லாத கிரேக்கத் தீவு: அம்மாவையும் அழைத்துக்கொண்டு டிலோஸ் போகலாமா?

வைகைக்கரை (மதுரை)

எல்லோருக்கும் வணக்கம். செப்டம்பர் கடைசியில் நானும் கணவரும் அம்மாவும் கிரேக்கம் போகலாம் என்று இருக்கிறோம். அம்மாவுக்கு வயது 67. சுத்த சைவம், கொஞ்சம் முட்டிவலியும் உண்டு. ஏதென்ஸ் பார்த்துவிட்டு மிச்ச நாட்களை ஒரே ஒரு தீவில் கழிக்க ஆசை. சாண்டோரினி வேண்டாம் என்பதில் மூவருக்கும் ஒரே கருத்து. வரிசையில் நின்று சூரிய அஸ்தமனம் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

அம்மா கேட்பது ஒன்றுதான்: கடல் பக்கத்தில் இருக்க வேண்டும், காலையில் தனியாக நடந்து போய்விட்டு வரத் தோதாக இருக்க வேண்டும், நாலு முகமாவது பழக வேண்டும். நக்ஸோஸ், ஃபொலெகாண்ட்ரோஸ், டிலோஸ் என்று மூன்று பெயர்களைக் குறித்து வைத்திருக்கிறேன். டிலோஸைப் பற்றித் தமிழில் எதுவுமே கிடைக்கவில்லை. போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

கடற்காகம் (லண்டன்)

இருக்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த தீவு அது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை. டிலோஸ் வேறு, மைக்கோனோஸுக்குப் பக்கத்தில் அப்பல்லோ கோயில் இடிபாடுகள் இருக்கும் டெலோஸ் வேறு. இணையத்தில் தேடும்போது இரண்டும் கலந்து வரும். நாம் பேசுவது தென்கிழக்கு ஏஜியனில், துருக்கிக் கரைக்கு அருகில், கோஸுக்கும் ரோட்ஸுக்கும் நடுவில் இருக்கும் தீவு. டொடெக்கனீஸ் கூட்டத்தைச் சேர்ந்தது. பரப்பளவு 60 சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். 2021 கணக்கெடுப்பின்படி மக்கள் சுமார் 750 பேர். விமான நிலையம் கிடையாது. கூட்டம் சேராததற்கு அதுவே பெரிய காரணம்.

ஊர் என்று சொன்னால் இரண்டுதான். கப்பல் நிற்கும் லிவாடியா, மலைச்சரிவில் இருக்கும் மெகாலோ ஹோரியோ. உங்கள் அம்மாவுக்கு லிவாடியாதான் சரி. அரைவட்டமாக வளைந்த பெரிய விரிகுடா, அதன் ஓரமாகவே சமதளமான நடைபாதை. ஒரு பக்கம் கூழாங்கல் கரை, மறுபக்கம் அறைகளும் டவெர்னா என்று அவர்கள் சொல்லும் சாப்பாட்டுக் கடைகளும். கரையில் டமாரிஸ்க் மரங்கள் நிழல் தரும். தண்ணீர் அவ்வளவு தெளிவு, இடுப்பளவு ஆழத்திலும் காலடிக் கல்லை எண்ணலாம். மணல் இல்லை என்பதால் இறங்குவதற்கு ரப்பர் செருப்பு அவசியம், முட்டிவலிக்காரருக்கு இன்னும் அவசியம்.

போவது எப்படி என்றால், ஏதென்ஸிலிருந்து ரோட்ஸுக்கு விமானம், ஒரு மணி நேரம். ரோட்ஸிலிருந்து கப்பலில் இரண்டு, இரண்டரை மணி நேரம். ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்திலிருந்தே நேராக வரும் பெரிய கப்பலும் உண்டு, ஆனால் இரவு முழுக்கப் பயணம். வாரத்தில் எல்லா நாளும் கப்பல் இல்லை. அதனால் முதலில் கப்பல் அட்டவணை, அப்புறம் விமானம், அப்புறம் அறை. இந்த வரிசையை மாற்றினால் சிக்கல்தான்.

மலைக்காற்று (பெங்களூரு)

கடற்காகம் சொல்வது எல்லாம் சரி, ஆனாலும் நான் மறுபக்கம் பேசுகிறேன். வயதானவரோடு முதல் தடவை கிரேக்கம் போகிறவர்களுக்கு நக்ஸோஸ்தான் நல்லது என்பது என் கருத்து. சைக்ளேட்ஸ் தீவுக் கூட்டத்திலேயே பெரிய தீவு, விமான நிலையம் இருக்கிறது, பிரேயஸிலிருந்து தினமும் கப்பல் உண்டு, மருத்துவமனை வசதியும் பரவாயில்லை. கடற்கரையை விட்டு உள்ளே ஹல்கி, அபிராந்தோஸ் மாதிரி மலைக் கிராமங்களுக்குப் போனால் நீங்கள் கேட்கும் அமைதி அங்கேயும் கிடைக்கும். உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் அந்தத் தீவின் பெருமை, சைவத்துக்குக் கஷ்டமே இல்லை.

டிலோஸில் ஒரு நாள் காற்று பலமாக அடித்துக் கப்பல் ரத்தானால் என்ன செய்வீர்கள்? திரும்பும் சர்வதேச விமானம் போய்விடும். எங்களுக்கு வேறொரு சின்னத் தீவில் அப்படி நடந்திருக்கிறது. கப்பல் கம்பெனி டிக்கெட் பணத்தைத் திருப்பித் தந்தது, தவறிய விமானத்துக்கு யாரும் பொறுப்பேற்கவில்லை. அம்மாவோடு போகிறவர் இதை யோசிக்க வேண்டும்.

கடற்காகம் (லண்டன்)

நியாயமான கேள்வி. ஆனால் அதற்காகத் தீவையே விட்டுவிட வேண்டாம். பயணத்தின் வரிசையைத் திருப்பிப் போட்டால் போதும்.

ஏஜியனில் மெல்டெமி என்று ஒரு வடகாற்று உண்டு. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வானம் பளிச்சென்று இருக்கும்போதே நாள் கணக்கில் அடிக்கும். காற்றின் பலத்தை அளக்கும் பியூஃபோர்ட் அளவில் 8ஐத் தொட்டால் பொதுவாகத் துறைமுக அதிகாரிகள் கப்பலை நிறுத்திவிடுவார்கள். கட்டமரான் என்ற இரட்டை உடல் அதிவேகக் கப்பல்களுக்கு வரம்பு அதைவிடக் குறைவு. செப்டம்பர் கடைசியில் மெல்டெமி ஓய்ந்துவிடும், ஆனால் எந்த மாதத்திலும் முழு உத்தரவாதம் கிடையாது.

அதனால் தீவைப் பயணத்தின் நடுவில் வையுங்கள். கடைசி இரண்டு இரவுகளை ரோட்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். கப்பல் ஒரு நாள் தள்ளிப்போனாலும் விமானம் தவறாது. தள்ளிப்போகாவிட்டால் ரோட்ஸ் பழைய நகரத்தை நிதானமாகப் பார்க்கலாம். புனித யோவான் வீரர்கள் 1309லிருந்து 1522 வரை ஆண்ட கோட்டை நகரம் அது, உலகப் பாரம்பரியச் சின்னம். இரண்டு நாளுக்குக் குறைவாக அதைப் பார்ப்பதும் சரியில்லை.

இன்னொன்று: ரோட்ஸில் கப்பல்கள் ஒரே இடத்திலிருந்து கிளம்புவதில்லை. கட்டமரான்கள் பழைய நகரத்து மதிலை ஒட்டிய துறையிலிருந்தும், பெரிய கப்பல்கள் வணிகத் துறைமுகத்திலிருந்தும் கிளம்பும். டிக்கெட்டில் எந்தத் துறை என்று பார்த்துக்கொள்ளுங்கள், பெட்டியை இழுத்துக்கொண்டு கடைசி நிமிடத்தில் ஓட வேண்டாம்.

பனங்கூடல் (ஸ்டுட்கார்ட்)

வணக்கம். நாங்கள் ஜெர்மனியிலிருந்து கோஸ் வரைக்கும் நேர விமானத்தில் போய், அங்கேயிருந்து நிசிரோஸ் வழியாக டிலோஸுக்குக் கப்பலில் போனோம். அக்கா, பயப்படாமல் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கோ. என்ர மாமியும் எங்களோடு வந்தவ.

நாங்கள் போனது ஜூலை கடைசியில். அந்த நேரம் அயியோஸ் பண்டலேமோன் மடத்துத் திருவிழா. 15ஆம் நூற்றாண்டு மடம், தீவின் வடமேற்கு மூலையில், கடலுக்கு மேலே செங்குத்தான மலைச்சரிவில் நிற்கிறது. ஊற்றுத் தண்ணீர் இருக்கிறபடியால் சுற்றிவரப் பெரிய மரங்கள். ஜூலை 27 அந்தப் புனிதரின் நாள், ஆனால் கொண்டாட்டம் 25ஆம் திகதியே தொடங்கிவிடும். பின்னேரம் பஸ்ஸிலும் பிக்கப் வண்டிகளிலும் முழுத்தீவும் மேலே ஏறிப் போகுது. பெரிய அண்டாக்களில் ஆட்டிறைச்சி கொதிக்குது. பூசை முடிய நீட்டு மேசைகளில் எல்லாரையும் இருத்திச் சாப்பாடு. நாங்கள் ஆர், எவடம் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. தட்டு வந்தது, இருந்தோம். மாமி மீன், இறைச்சி சாப்பிடமாட்டா என்று சைகையில் காட்ட, ஒரு அம்மா எழும்பிப் போய் தன்ர கூடையிலிருந்து தக்காளியும் வெண்ணெய்க்கட்டியும் பாணும் கொண்டுவந்து வைச்சா. பிறகு வயலின், லௌடோ வாத்தியங்களோடு ஆட்டம் தொடங்கியது. சின்னப் பிள்ளையிலிருந்து கிழவர் வரை கைகோத்து ஒரே வளையம். மாமியை இழுத்துக்கொண்டு போய் நடுவில விட்டினம். இரவு கனநேரம் கழிச்சுத்தான் இறங்கினோம்.

நீங்கள் போகிற நேரம் திருவிழா இராது. ஆனால் அந்த மனிசர் இருப்பினம்.

வைகைக்கரை (மதுரை)

பனங்கூடல், படிக்கும்போதே அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். தக்காளியும் வெண்ணெய்க்கட்டியும் வைத்த அம்மாவைப் பற்றி மறுபடி வாசிக்கச் சொன்னார். மிகவும் நன்றி.

கடற்காகம் சொன்ன மாதிரி ரோட்ஸைக் கடைசியில் வைத்துக்கொள்கிறோம். இப்போது சாப்பாடு. தினமும் சாலட்டும் ரொட்டியும் என்றால் அம்மா இரண்டாம் நாளே சோர்ந்துவிடுவார். அறையில் சமைக்க முடியுமா?

பனங்கூடல் (ஸ்டுட்கார்ட்)

லிவாடியாவில் ஸ்டுடியோ என்று எடுத்தால் சின்ன அடுப்பு, குளிர்ப்பெட்டி, பாத்திரம் எல்லாம் இருக்கும். பலசரக்குக் கடைகளும் பேக்கரியும் நடக்கிற தூரம். அரிசி, பருப்பு வகை, தயிர், மரக்கறி எல்லாம் வாங்கலாம். மிளகாய்த்தூளும் புளியும் மட்டும் கொண்டுபோங்கோ.

கடையில் சாப்பிடுவது என்றால் சைவத்துக்குக் கிரேக்கம் நல்ல நாடுதான். ஃபாசொலாக்கியா, பச்சைப் போஞ்சியைத் தக்காளியில் வேகவைச்சது. ப்ரியாம், கத்தரிக்காய், உருளைக்கிழங்கு, சுக்கினி எல்லாம் போட்டு ஓவனில் வைச்சது. யிகாண்டெஸ், பெரிய வெள்ளை அவரைக்கொட்டை. ஹோர்தா, எலுமிச்சையும் ஒலிவ் எண்ணெயும் விட்ட அவிச்ச கீரை. டொடெக்கனீஸ் பக்கம் பிதாரூதியா என்று கடலையில் ஒரு பொரியல் செய்வினம், மாமிக்கு அதில் பெரிய விருப்பம். கேட்கும்போது 'நிஸ்டிசிமோ' என்று சொன்னால் விரதச் சாப்பாடு என்று உடனே விளங்கும், இறைச்சி, பால், முட்டை எல்லாம் வராது. ஆனால் கவனம், அவர்களுடைய விரதத்தில் கணவாயும் இறாலும் சாப்பிடலாம். அதனால் கடல் உணவும் வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேணும். யெமிஸ்தா என்ற தக்காளிக்குள்ளே சோறு அடைச்சது சில இடத்தில் கொத்திறைச்சி போட்டு வரும், கேட்டுவிட்டு எடுங்கோ. திராட்சை இலையில் சுற்றினதும் அப்படித்தான்.

யானைத்தடம் (கோயம்புத்தூர்)

டிலோஸ் என்று பார்த்ததும் உள்ளே வந்துவிட்டேன். இதுவரை யாரும் யானையைப் பற்றிச் சொல்லவில்லையே!

அந்தத் தீவில் யானைகள் வாழ்ந்தன. 1971இல் ஏதென்ஸ் பல்கலைக்கழகத்தின் நிக்கோலாவோஸ் சிமியோனிதிஸ் ஹர்காதியோ என்ற குகையைத் தோண்டத் தொடங்கினார். அங்கே ஆயிரக்கணக்கான குட்டை யானை எலும்புகள் கிடைத்தன. பேலியோலொக்ஸோடான் டிலியென்சிஸ் என்று 2007இல் அதற்குப் பெயர் வைத்தார்கள். ஐரோப்பாவில் அழிந்துபோன நேர்த்தந்த யானையின் வழிவந்தது. மூதாதை பத்து டன்னுக்கு மேல் எடையுள்ள மாபெரும் விலங்கு. தீவில் மாட்டிக்கொண்ட பிறகு தலைமுறை தலைமுறையாகச் சிறுத்து, தோள் உயரம் ஏறக்குறைய ஒரு ஆள் உயரத்துக்கு வந்துவிட்டது.

ஏன் சிறுத்தது? பெரிய உடம்புக்கு நிறைய தீனி வேண்டும், தீவில் தீனி குறைவு. பெரிய உடம்பின் லாபம் புலி, சிங்கம் போன்றவை நெருங்காது என்பது. தீவில் அப்படிப்பட்ட வேட்டை விலங்குகளே இல்லாதபோது அந்த லாபமும் போகிறது. குறைவாகத் தின்று சீக்கிரம் குட்டி போடும் சின்ன உடம்பே தப்பிக்கிறது. சிசிலி, சைப்ரஸ், கிரீட் தீவுகளிலும் இப்படிக் குட்டை யானைகள் இருந்தன. டிலோஸின் சிறப்பு, ஐரோப்பாவில் கடைசியாக நீடித்த யானைகள் இவையாகத்தான் இருக்கும் என்று கருதப்படுவது. சில காலக்கணிப்புகள் சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன்பு வரைகூட இருந்ததாகக் காட்டின. அந்தக் கணிப்பை எல்லா ஆய்வாளர்களும் ஏற்றுக்கொள்ளவில்லை. அது உண்மையானால் எகிப்தில் பிரமிடு கட்டி முடித்த பிறகும் இங்கே யானை நடந்திருக்கிறது.

குகைக்குப் பக்கத்தில் அருங்காட்சியகம் இருக்கிறது, லிவாடியாவிலிருந்து மெகாலோ ஹோரியோ போகும் சாலையிலேயே. திறந்திருக்கும் நேரத்தைத் துறைமுகத்தில் கேட்டுவிட்டுப் போங்கள். முதுமலையும் வால்பாறையும் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தப் பொட்டல் மலையில் நின்று யானையை நினைத்துப் பார்ப்பது சாதாரண விஷயமில்லை. தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

நெய்தல்நிலம் (சிங்கப்பூர்)

நான் கொஞ்சம் கசப்பாகப் பேசப்போகிறேன், மன்னிக்கவும். இப்படி ஒரு இடத்தைப் பற்றிப் பொதுவில் எழுதத்தான் வேண்டுமா? சாண்டோரினியும் ஒரு காலத்தில் அமைதியான தீவுதான். அங்கே இப்போது கப்பல் கூட்டத்தைக் கட்டுப்படுத்த, 2025 ஜூலையிலிருந்து சொகுசுக் கப்பலில் வந்து இறங்கும் ஒவ்வொருவருக்கும் உச்ச மாதங்களில் 20 யூரோ வசூலிக்கிறார்கள். மைக்கோனோஸிலும் அதே. 'யாருக்கும் தெரியாத தீவு' என்று எழுதுகிறவர்கள்தான் அதைத் தெரிந்த தீவாக மாற்றுகிறார்கள். 750 பேர் வாழும் இடம் எத்தனை பேரைத் தாங்கும்?

கடற்காகம் (லண்டன்)

நெய்தல், இந்தக் கவலை எனக்கும் உண்டு. ஆனால் டிலோஸின் அமைதி யாருக்கும் தெரியாததால் வந்த அமைதி அல்ல. அந்த ஊர்க்காரர்கள் முடிவெடுத்து, பாடுபட்டுக் காப்பாற்றிய அமைதி. அதைச் சொல்லாமல் விடுவதுதான் அநியாயம் என்று நினைக்கிறேன்.

1993இல் தீவு முழுவதும் வேட்டைக்குத் தடை போட்டார்கள். கிரேக்கத் தீவுகளில் வேட்டை எவ்வளவு ஊறிப்போன பழக்கம் என்று தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய முடிவு என்பது புரியும். இன்று பொனெல்லிக் கழுகும் எலியனோரா வல்லூறும் அங்கே குஞ்சு பொரிக்கின்றன. இந்த வல்லூறு கோடைக் கடைசியில்தான் கூடு கட்டும். ஆப்பிரிக்காவுக்கு வலசை போகும் சின்னப் பறவைகளைப் பிடித்துக் குஞ்சுகளுக்கு ஊட்டுவதற்காக. செப்டம்பர் கடைசியில் போகிறவர்கள் பாறை முகட்டுப் பக்கம் தலையை உயர்த்திப் பார்த்தால் தெரியும்.

மின்சாரம் கோஸிலிருந்து கடலடிக் கேபிளில் வந்துகொண்டிருந்தது. அது அடிக்கடி பழுதாகும், தீவே இருண்டுவிடும். ஐரோப்பிய ஒன்றியத் திட்டம் ஒன்றில் 800 கிலோவாட் காற்றாலை ஒன்றும், சூரியத் தகடுகளும், பெரிய பேட்டரி நிலையமும் வைத்தார்கள். 2017இல் அதற்கு ஐரோப்பிய விருது கிடைத்தது. அடுத்து குப்பை. 2021 கடைசியில் ஒரு தனியார் நிறுவனத்தோடு சேர்ந்து, தெருவில் இருந்த குப்பைத் தொட்டிகளை எடுத்துவிட்டு வீடு வீடாக வாங்கத் தொடங்கினார்கள். உணவுக் கழிவு தனி, மறுசுழற்சி தனி, மீதி தனி. பழைய குப்பைமேட்டை மூடிவிட்டார்கள். அறை எடுக்கும்போதே உங்களிடமும் பிரித்துத்தான் தரச் சொல்வார்கள். அப்படியே செய்யுங்கள்.

சொல்ல வேண்டிய இன்னொன்று. 2008 ஜூனில் அப்போதைய மேயர் அனஸ்தாசியோஸ் அலிஃபெரிஸ் இரண்டு ஒருபாலினத் தம்பதிகளுக்குப் பதிவுத் திருமணம் செய்துவைத்தார், கிரேக்கத்திலேயே முதல்முறை. நீதிமன்றம் பிற்பாடு அவற்றைச் செல்லாது என்றது. 2024இல் நாடாளுமன்றமே அதைச் சட்டமாக்கியது. இத்தனை சின்ன ஊர் 16 ஆண்டுகள் முன்னால் நின்றிருக்கிறது.

பனங்கூடல் (ஸ்டுட்கார்ட்)

இதில் நானும் ஒன்று சேர்க்க வேணும். 2015க்குப் பிறகு சிரியாவிலிருந்து வந்த அகதிகளை டிலோஸ் வரவேற்றுத் தங்கவைச்சது. குடும்பங்களுக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்து, பெரியவர்களுக்கு வேலையும் பார்த்துக் கொடுத்தவை. பக்கத்துத் தீவுகள் சிலதில் முகாமே வேண்டாம் என்று போராட்டம் நடந்த காலம் அது.

நானும் சின்ன வயதில் அகதியாகத்தான் ஜெர்மனிக்கு வந்தனான். ஒரு ஊர் உன்னை எப்படிப் பார்க்குது என்பது பிள்ளை மனதில் எவ்வளவு ஆழமாகப் பதியும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அந்த ஊரைப் பற்றி எழுத வேண்டாம் என்று சொன்னால் எனக்கு ஏற்க முடியவில்லை. அங்கே போகிறவர்களின் காசு அந்த மனிசருக்குத்தான் போகுது. ஆனால் நெய்தல் சொல்வதும் விளங்குது. ஆகஸ்ட்டில் போய் நெரிசல் சேர்க்காமல், மே, ஜூன் அல்லது செப்டம்பர், அக்டோபரில் போனால் அவர்களுக்கும் பருவம் நீளும், எங்களுக்கும் நல்லது.

நெய்தல்நிலம் (சிங்கப்பூர்)

அகதிகள் விஷயம் எனக்குத் தெரியாது. சொன்னதற்கு நன்றி. வேட்டைத் தடையும் குப்பையும் பற்றிப் படித்த பிறகு கோபம் தணிந்தது. ஆனாலும் ஒரு வேண்டுகோள்: போகிறவர்கள் ஒரு இரவு தங்கிப் படம் எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். ஒரு வாரம் இருங்கள். ரொட்டி, தேன், தக்காளி எல்லாம் உள்ளூர்க் கடையிலேயே வாங்குங்கள்.

மலைக்காற்று (பெங்களூரு)

சரி, நக்ஸோஸ் கட்சி தோற்றுவிட்டது என்று தெரிகிறது. அப்படியானால் விசாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அதில் தாமதித்தால் எந்தத் தீவும் கிடையாது.

கிரேக்கத்துக்கு வேண்டிய ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்கு முன்பாவது கொடுத்தாக வேண்டும், ஆனால் கடைசி வரை காத்திருக்கக் கூடாது. கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவுக்கு இருக்க வேண்டும். அம்மாவுக்கு எடுக்கும்போது, ஏற்கெனவே இருக்கும் நோய்களும் அவசரமாக வேறு ஊருக்குக் கொண்டுபோகும் செலவும் அடங்குமா என்று படித்துப் பாருங்கள். டிலோஸில் சின்ன மருத்துவ நிலையம்தான், பெரிதாக ஏதாவது என்றால் ரோட்ஸுக்குத்தான் போக வேண்டும். வழக்கமான மாத்திரைகளை நாட்கணக்குக்கு மேலேயே வைத்துக்கொள்ளுங்கள், மருந்துச் சீட்டோடு.

கிரேக்கத்தில் அறை வாடகையோடு ஒரு இரவுக்கு இவ்வளவு என்று அரசு வரி ஒன்றும் வாங்குகிறார்கள், பெரும்பாலும் நேரில் கட்ட வேண்டும். முன்பதிவு விலையில் அது சேர்ந்திருக்காது. சின்ன அறைகளுக்குக் குறைவு, பெரிய ஓட்டல்களுக்கும் தனி வீடுகளுக்கும் அதிகம்.

வைகைக்கரை (மதுரை)

இவ்வளவு பேர் இவ்வளவு அக்கறையாக எழுதியிருக்கிறீர்கள். முடிவு செய்துவிட்டோம், டிலோஸ்தான். ஏதென்ஸ், அங்கிருந்து ரோட்ஸ், அன்றோ மறுநாளோ கப்பல், டிலோஸில் ஒரு வாரத்துக்கு மேல், கடைசியில் ரோட்ஸ். லிவாடியாவில் தரைத்தளத்தில் ஸ்டுடியோ பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

கைவிடப்பட்ட ஒரு கிராமம் மலைமேல் இருப்பதாக எங்கோ படித்தேன். அம்மா வர முடியுமா? வண்டி வாடகைக்கு எடுக்கத்தான் வேண்டுமா?

கடற்காகம் (லண்டன்)

மிக்ரோ ஹோரியோ. லிவாடியாவுக்கு மேலே, சில கிலோமீட்டர் தூரம். கடற்கொள்ளையர் கண்ணில் படாமல் மலை மடிப்புக்குள் கட்டிய ஊர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஒவ்வொரு குடும்பமாகக் கீழே துறைமுகத்துக்கு இறங்கி, 1960களில் ஊரே காலியானது. இப்போது கூரையில்லாத கல்வீடுகள் நூற்றுக்கணக்கில். உள்ளே எட்டிப் பார்த்தால் சுவரில் பாத்திரம் வைத்த மாடம், புகை படிந்த அடுப்பு மூலை, உயரமாகக் கட்டிய படுக்கைத் திண்ணை எல்லாம் அப்படியே தெரியும். வாசல்நிலைக்குள்ளிருந்து அத்திமரம் வளர்ந்து நிற்கும். நடுவில் ஒரு தேவாலயம் மட்டும் வெள்ளையடித்துப் புதிதாக இருக்கும், ஊரை விட்டுப் போனவர்கள் கோயிலை விடவில்லை. கோடை இரவுகளில் அங்கே ஒரு மதுக்கூடம் நடக்கும், பாழடைந்த சில வீடுகளுக்குள் விளக்குப் போட்டு வைப்பார்கள். நீங்கள் போகும் நேரம் அது மூடியிருக்கும், பகலில் போவதே நல்லது.

அம்மாவை வண்டியில் ஊர் வாசல் வரை கொண்டுபோகலாம். உள்ளே பாதை முழுக்க உருண்ட கல், படி சரியாக இருக்காது. முதல் சில வீடுகளையும் விரிகுடாவையும் பார்த்துவிட்டு அவர் உட்கார்ந்துகொள்ளலாம், நீங்கள் இருவரும் உள்ளே போய் வரலாம். சுவர்மேல் ஏற வேண்டாம், எப்போது சரியும் என்று சொல்ல முடியாது.

வண்டி எல்லா நாளும் தேவையில்லை. லிவாடியாவிலிருந்து மெகாலோ ஹோரியோவுக்கும் எரிஸ்டோஸ் கடற்கரைக்கும் ஊர் பஸ் உண்டு, அக்டோபர் நெருங்க நெருங்க நடை குறையும். இரண்டு மூன்று நாள் மட்டும் கார் எடுங்கள்: யானைக் குகைக்கு ஒன்று, மடத்துக்கு ஒன்று, கிராமத்துக்கு ஒன்று. மடத்துக்குப் போகும் சாலை கடைசியில் குறுகலானது, ஒரு பக்கம் பள்ளம். நிதானமாக ஓட்டுபவர் ஓட்டட்டும். இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும், ஊரிலேயே எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். ரோட்ஸிலேயே கையில் கொஞ்சம் ரொக்கமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், சின்னத் தீவில் ஏடிஎம் பழுதானால் அடுத்தது அடுத்த தீவில்தான்.

நடக்கும் வழியில் கம்பிக் கதவு வந்தால் திறந்து போய்விட்டு மறுபடி மூடிவிட வேண்டும். ஆடுகளுக்காக வைத்தது. மனிதர்களைவிட ஆடு பல மடங்கு அதிகம் அங்கே.

பனங்கூடல் (ஸ்டுட்கார்ட்)

அக்கா, இன்னும் இரண்டு. மதியம் இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை கடைகள் மூடிவிடுவினம், எல்லாரும் படுத்திருப்பினம். அந்த நேரம் சத்தம் போடாமல் இருந்தால் ஊர் முழுக்க உங்களை விரும்பும். மற்றது, கழிவறையில் காகிதத்தைக் குழிக்குள் போடக் கூடாது, பக்கத்தில் இருக்கிற கூடையில் போட வேணும். குழாய் சின்னது, அடைச்சுக்கொள்ளும்.

அம்மா காலையில் கரைப்பாதையில் நடக்கும்போது எதிரில் வருகிற ஆக்களுக்கு 'கலிமேரா' சொல்லச் சொல்லுங்கோ. மாமி சொன்ன முதல் கிரேக்கச் சொல் அதுதான். வீட்டுக்காரரிடம் போகும்போது எங்கட ஊர் தேயிலை ஒரு பெட்டி கொண்டுபோங்கோ, நல்ல சந்தோசப்படுவினம்.

வைகைக்கரை (மதுரை)

குறித்துக்கொண்டேன்: ரப்பர் செருப்பு, மிளகாய்த்தூள், புளி, ஓட்டுநர் அனுமதி, ரொக்கம், தேயிலை. தேயிலை நீலகிரியிலிருந்து வாங்கிக்கொள்கிறேன். விசா விண்ணப்பம் அடுத்த வாரமே போடுகிறோம். செப்டம்பர் கடைசி வார டிலோஸ் கப்பல் அட்டவணை வந்ததும் இங்கே போடுகிறேன், கடற்காகம், ஒரு தடவை சரிபார்த்துச் சொல்லுங்கள்.

கடற்காகம் (லண்டன்)

கட்டாயம் சொல்கிறேன். அட்டவணை வந்த அன்றே திரும்பும் கப்பலையும் சேர்த்துப் பதிவு செய்துவிடுங்கள், பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரிலேயே. பருவம் முடியும் நேரத்தில் போகும் கப்பல் கிடைத்து வரும் கப்பல் இல்லாமல் போகிற வாரங்கள் உண்டு.